கண் சிவந்த குழந்தையும் வீட்டார் கையும்

ஐப்பசி மழை இரண்டு நாள் விட்டு, மூன்றாம் நாள் இளவெயில் எட்டிப் பார்க்கிறதென்றால் உபாத்தியாயர்களாகிய நமக்கு மனத்திலே ஒரு சந்தேகம் தட்டும். முதலில் ஒரு பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டே வகுப்புக்கு வருவான். ஒரு வாரம் சென்றதும் அவன் பக்கத்தில் உட்காருகிறவனுக்குக் கண் சிவக்கும். பிறகு அவனிடம் பென்சில் கடன் வாங்கியவன். அதன் பிறகு, பென்சிலைத் திருப்பிக் கொடு என்று அவனோடு கட்டிப் புரண்டவன். மாதம் முடிவதற்குள் ஆஜர்ப் புத்தகத்தில் ஒரு பெஞ்சி முழுவதும் காலி. கண் நோய்க்குச் சிநேகிதன், விரோதி என்ற பேதமில்லை.

இப்படிப்பட்ட குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் பள்ளிக்கூடத்தின் கடமை தீர்ந்தது என்று எண்ணுவது வழக்கம். வீட்டிலே என்ன நடக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. அங்கே தாயார் ஒரு யோசனை சொல்லுகிறாள். பாட்டி அதைவிடப் பழைய யோசனை ஒன்று வைத்திருக்கிறாள். அடுத்த வீட்டு மாமி, போன வருஷம் தன் பிள்ளைக்கு வாங்கிய சொட்டு மருந்தில் பாதி மிச்சமிருக்கிறது என்று புட்டியோடு வந்து நிற்கிறாள். தகப்பனார் ஆபீஸிலிருந்து திரும்பும்போதே மருந்துக் கடையில், "கண் சிவப்புக்கு ஏதாவது கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி வந்துவிடுகிறார். இத்தனை பேருக்கும் குழந்தையின்மேல் உள்ள அன்பில் குறைவே கிடையாது. ஆனால் அந்தக் கண்ணை எப்படித் துடைப்பது, மருந்தை எப்படி விடுவது, எப்போது பொறுத்திருப்பது, எப்போது ஒரு நிமிஷமும் பொறுக்காமல் ஓடுவது என்பதை இவர்களுக்கு யாராவது சொல்லிக் கொடுத்ததுண்டா? டாக்டரிடம் கிடைப்பது சில நிமிஷங்கள். அதில் பாதி நேரம் குழந்தை அழுகிறது. மீதி நேரம் தாயார் அதைச் சமாதானப்படுத்துகிறாள்.

சில வருஷங்களாக நமது பள்ளிக்கூடத்தில், மழைக்காலம் ஆரம்பிக்கும்போது, கீழ் வகுப்புக் குழந்தைகளின் தாய்மாரையும் பாட்டிமாரையும் ஒரு மாலைப் பொழுது வரவழைத்து, கண் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸையும் அழைத்து, இந்தக் காரியங்களைச் செய்து காட்டும்படி ஏற்பாடு செய்துவருகிறோம். அந்தக் கூட்டங்களில் கண்டதும் கேட்டதும் இன்னும் பல வீடுகளுக்குப் பயன்படலாம் என்பதால் இங்கே எழுதத் துணிந்தோம்.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். வெண்விழியின் மேலும் இமைகளின் உட்புறத்திலும் மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. அது அழற்சி கொண்டு சிவப்பதையே கண் நோய், கண் வலி என்றெல்லாம் சொல்லுகிறோம். ‘மெட்ராஸ் ஐ’ என்றால் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். பட்டணத்தின் பெயரைச் சென்னை என்று 1996-ல் மாற்றினார்கள். நோயின் பெயரை மாற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. இந்த அவப்பெயர் சென்னைக்கு நியாயமன்று என்பது நமது அபிப்பிராயம். கண் நோய் எந்தத் தேசத்திலும் எந்த ஊரிலும் வருவது. கண்ணுக்கென்றே தனி ஆஸ்பத்திரி 1819-ஆம் வருஷத்திலேயே ஏற்பட்ட ஊரோ சென்னை. எழும்பூரில் இன்றும் நடந்துவரும் அந்த ஆஸ்பத்திரிக்கு மூத்ததென்று லண்டனில் 1805-ல் ஆரம்பித்த மூர்பீல்ட்ஸ் ஆஸ்பத்திரியைச் சொல்லுவார்கள். பெயர் வைப்பதானால் இதைக் கொண்டல்லவா வைத்திருக்க வேண்டும்!

கண் சிவப்பதற்குப் பெரும்பாலும் காரணங்கள் மூன்று. ஒன்று வைரஸ் கிருமி, மற்றொன்று பாக்டீரியா, மூன்றாவது ஒவ்வாமை. வைரஸினால் வருவதில் கண்ணிலிருந்து நீராக வடியும். ஒரு கண்ணில் ஆரம்பித்து ஓரிரண்டு நாளில் மற்றக் கண்ணுக்கும் தாவும். கூடவே ஜலதோஷமோ தொண்டை வலியோ இருப்பதும் உண்டு. பாக்டீரியாவினால் வருவதில் மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியான பீளை தள்ளும். காலையில் எழுந்தால் இமைகள் ஒட்டிக்கொண்டு திறக்க மாட்டா. ஒவ்வாமையிலே அரிப்புத்தான் பிரதானம்; இரண்டு கண்களும் ஒன்றாகவே சிவக்கும்; குழந்தை கசக்கிக்கொண்டே இருக்கும்; ஆனால் பிறருக்குத் தொற்றாது. இந்த அடையாளங்கள் சில சமயம் ஒன்றோடொன்று கலந்து வருவதால் டாக்டர்களே நிதானித்துத்தான் சொல்லுவார்கள். எனவே, வீட்டிலிருப்பவர்கள் இது இன்ன வகை என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: வைரஸினால் வந்த கண் நோய்க்கு ஆன்டிபயாடிக் மருந்தினால் யாதொரு பயனும் இல்லை. அது ஒரு வாரம், இரண்டு வாரம், சில சமயம் மூன்றாவது வாரமும் இருந்துவிட்டுத் தானாகவே போகும்.

இதைச் சொன்னதும் நமது கூட்டத்தில் ஒரு தாயார் எழுந்து, "அப்படியானால் டாக்டர் மருந்தே கொடுக்காமல் அனுப்பினது சரிதானா ஸார்? நான் அவரைத் திட்டிக்கொண்டே வேறு டாக்டரிடம் போனேனே!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மருந்து எழுதாத டாக்டரை நம் ஜனங்கள் டாக்டராகவே மதிப்பதில்லை என்பது வாஸ்தவந்தான். ஆனால் மருந்து எழுதாத அன்று வீட்டாருக்கு வேலை அதிகம் என்பதை அவர்களிடம் யாரும் சொல்லுவதில்லை.

அந்த வேலை என்ன என்று பார்ப்பதற்கு முன்னால், ஒரு தவறான நம்பிக்கையை ஒழித்தாக வேண்டும். கண் நோய்க்காரனைப் பார்த்தாலே நமக்கும் வந்துவிடும் என்கிறார்கள். ஒரு கண்ணிலிருந்து இன்னொரு கண்ணுக்குப் பார்வை வழியாகக் கிருமி பிரயாணம் செய்வதில்லை. கறுப்புக் கண்ணாடி போடுவதனால் வெளிச்சத்தின் கூச்சம் தணியும்; அவ்வளவே. இந்த நம்பிக்கையில் என்ன கெடுதல் என்று கேட்கலாம். கெடுதல் இதுதான்: பார்வைக்குப் பயந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிற வீட்டார், துவாலைக்குப் பயப்படுவதில்லை. நோய் போவதெல்லாம் கை வழியாக. கண்ணைக் கசக்கிய கை கதவின் தாழ்ப்பாளைத் தொடுகிறது. தாழ்ப்பாளைத் தொட்ட தங்கை தன் கண்ணைத் தொடுகிறாள். தலையணை உறை, கைக்குட்டை, விளையாட்டுச் சாமான், தகப்பனாரின் கைபேசி இவை எல்லாம் வாகனங்கள். இந்த வைரஸ் உலர்ந்த பொருள்களின் மேலும் பல நாட்கள் உயிரோடிருக்கக் கூடியது. கொரோனாக் காலத்தில் நாமெல்லோரும் வாங்கி வைத்த கைத் திரவத்துக்கு இது அவ்வளவு சுலபமாகச் சாவதில்லை. சோப்பும் ஓடும் ஜலமுமே நல்லவை. இருபது வினாடி நேரம் தேய்க்க வேண்டும். தொற்றின அன்றே நோய் தெரிவதுமில்லை. ஐந்து நாள் முதல் பன்னிரண்டு நாள் வரையில் கழித்துத்தான் கண் சிவக்கும். ஆகையால், "நேற்றுப் பார்த்தேன், இன்று வந்துவிட்டது" என்பவர் யாரோ நிரபராதியின்மேல் பழி போடுகிறார்.

இப்போது கூட்டத்துக்கு வருவோம். முதல் வருஷம் நர்ஸம்மாள் அரைமணி நேரம் வெகு தெளிவாகப் பேசினாள். தாய்மார்கள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்கள். சந்தேகம் உண்டா என்றால் இல்லை என்றார்கள். வகுப்பில் பையன்கள் இப்படித் தலையை ஆட்டினால் பரீட்சையில் என்ன எழுதுவார்கள் என்பது நமக்குத் தெரியுமாதலால், ஒருத்தியை முன்னால் அழைத்து, ஒரு பொம்மையைக் கொடுத்து, "இதன் கண்ணில் பீளை கட்டியிருக்கிறது, துடைத்துக் காட்டுங்கள்" என்று கேட்டோம். அந்தத் தாயார் சற்றும் யோசிக்கவில்லை. பொம்மையை மடியில் போட்டுக்கொண்டு, முந்தானையின் நுனியை எடுத்து, இரண்டு கண்களையும் ஒரே துடைப்பாகத் துடைத்தாள். பிறகு அதே முந்தானையால், பக்கத்தில் நின்ற தன் சின்னப் பெண்ணின் மூக்கைத் துடைத்தாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஏனென்றால், அங்கே இருந்தவர்கள் அனைவரும் அப்படித்தான் செய்திருப்பார்கள். நமது தேசத்தில் முந்தானையைப்போல அன்பான துணி வேறில்லை. கண்ணீரைத் துடைப்பதும் அது. அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்குவதும் அது. காசு முடிவதும் அது. கண் நோய் வந்த வீட்டில் மட்டும் அதற்கு விடுமுறை கொடுத்தாக வேண்டும். அன்றைய தினத்திலிருந்து நாங்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டோம். சொல்வது, செய்து காட்டுவது, வந்தவர்களைச் செய்து காட்டச் சொல்வது என்று மூன்றாகப் பிரித்து, மூன்றாவதற்கே நேரம் முழுவதையும் ஒதுக்கினோம். மனக்கணக்கையும் ஸ்லேட்டில் போட்டுப் பார்த்துத்தானே சரி என்கிறோம்?

கண்ணைச் சுத்தம் செய்வதற்கு வேண்டியவை நன்றாகக் கொதிக்க வைத்து ஆறின ஜலமும், சுத்தமான பஞ்சும்தான். பஞ்சு இல்லாவிட்டால், வெந்நீரில் கொதிக்க வைத்து வெயிலில் உலர்த்திய பழைய மல் வேஷ்டித் துண்டுகள் போதும். முதலில் கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். பஞ்சை நனைத்துப் பிழிந்து, மூக்கின் பக்கத்திலிருந்து காதின் பக்கமாக ஒரே ஒரு தடவை துடைத்து, அந்தப் பஞ்சை எறிந்துவிட வேண்டும். அடுத்த துடைப்புக்கு அடுத்த பஞ்சு. ஒரு கண்ணுக்கு உபயோகித்ததை மறு கண்ணின் அருகில் கொண்டுபோகக் கூடாது. காலையில் இமை ஒட்டிக்கொண்டிருந்தால் பலவந்தமாகப் பிரிக்கக் கூடாது. நனைந்த பஞ்சை இரண்டு மூன்று நிமிஷம் மேலே வைத்திருந்தால் பீளை தானாக ஊறிக் கழன்றுவிடும். எரிச்சல் அதிகமாக இருந்தால் சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து மூடிய இமையின்மேல் போட்டு எடுக்கலாம். முடிந்த பிறகு மறுபடியும் கையைக் கழுவ வேண்டும். இந்த இரண்டாவது கழுவலைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். முதல் கழுவல் குழந்தைக்காக. இரண்டாவது கழுவல் வீட்டிலுள்ள மற்றவர்களுக்காக.

இனி, சொட்டு மருந்து விடும் படலம். சாதாரணமாக இது ஒரு மல்யுத்தம். காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, கையை ஒருவர் பிடித்துக்கொள்ள, தலையை ஒருவர் அழுத்திக்கொள்ள, நாலாவது ஆள் மருந்தைக் குறிபார்த்து விடுகிறார். அது கன்னத்தில் விழுகிறது. குழந்தைக்கு மருந்தைவிட இந்த நால்வரிடந்தான் பயம்.

நர்ஸம்மாள் காட்டிய முறை வேறு. குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். பெரிய குழந்தையானால் மேலே எதையாவது பார்க்கச் சொல்லி, கீழ் இமையை ஒரு விரலால் மெதுவாகக் கீழே இழுத்தால் ஒரு சின்னப் பை போன்ற பள்ளம் தெரியும். அதிலே ஒரு சொட்டு. கருவிழியின்மேல் நேராக விட்டால் திடுக்கிட்டு மூடிக்கொள்ளும். இரண்டாவது சொட்டு வேண்டியதில்லை. அந்தப் பள்ளத்தில் ஒரு சொட்டுக்கே முழு இடம் கிடையாது, மற்றதெல்லாம் வழிந்து வீணாகும். புட்டியின் மூக்கு இமையிலோ மயிரிலோ படக் கூடாது. பட்டால் கிருமி புட்டிக்குள் குடியேறிவிடும். பிறகு கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை ஒரு விரலால் ஒரு நிமிஷம் மெல்ல அழுத்தியிருக்க வேண்டும். அந்த மூலையில்தான் கண்ணீர் மூக்குக்குள் இறங்கும் வழி இருக்கிறது. அழுத்தாவிட்டால் மருந்து அதன் வழியே தொண்டைக்குப் போய்க் கசக்கும். "மருந்து கசக்குது" என்று அழும் குழந்தை பொய் சொல்லவில்லை.

கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்று பிடிவாதம் செய்யும் குழந்தைக்கு ஒரு தந்திரம் உண்டு. திறக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்! படுத்த நிலையில் கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போதே மூக்கோரத்துக் குழியில் ஒரு சொட்டை விட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால், குழந்தை எப்போது கண்ணைத் திறக்கிறதோ அப்போது மருந்து தானாக உள்ளே ஓடிவிடும். கண்ணைத் துடைத்துக்கொள்ள மட்டும் விடக் கூடாது. இதை நர்ஸம்மாள் செய்து காட்டியபோது கூட்டம் முழுவதும் ‘ஆ!’ என்றது. மறு வாரம் ஒரு பாட்டி நம்மை வீதியில் நிறுத்தி, "நாலு பேர் செய்த வேலையை நான் ஒருத்தியே செய்துவிட்டேன், தம்பி! பேரன் தூங்கும்போதே விட்டேன்" என்றாள். அந்த அம்மாளுக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனால் அந்த வருஷம் நமது கூட்டத்தில் முதல் மார்க்கு அவளுக்கே.

இரண்டு விதச் சொட்டு மருந்து எழுதியிருந்தால் நடுவில் ஐந்து நிமிஷமாவது இடைவெளி விட வேண்டும். களிம்பும் உண்டென்றால் அது கடைசியில். புட்டியைத் திறந்த தேதியை அதன்மேலேயே எழுதிவைத்து, அநேகமாக நாலு வாரத்துக்குப் பின் எறிந்துவிட வேண்டும். ஒரு குழந்தையின் புட்டி மற்றொரு குழந்தைக்கு ஆகாது. எனவே, அடுத்த வீட்டு மாமியிடம் தயவுசெய்து மரியாதையாகவே மறுத்துவிடவும்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கண் சிவப்பை ஒரே நாளில் மாயமாய்ப் போக்கும் சில மருந்துகளில் ஸ்டிராய்டு கலந்திருக்கிறது. சிவப்பு மறைவதைக் கண்டு வீட்டார் மகிழ்ந்து போவார்கள். ஆனால் கண்ணில் ஹெர்பிஸ் என்னும் வைரஸோ காளான் கிருமியோ இருந்தால், ஸ்டிராய்டு அதற்குச் சோறு போட்டு வளர்த்ததாகும். நெடுநாள் விட்டால் கண்ணின் உள் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பே கெடலாம், புரையும் விழலாம். கண் டாக்டர் பரிசோதித்து, இத்தனை நாள் என்று வரையறுத்துக் கொடுத்தாலொழிய, ஸ்டிராய்டு கலந்த சொட்டு குழந்தையின் கண்ணருகே வரக் கூடாது. வாங்கும்போதே, "இதில் ஸ்டிராய்டு உண்டா?" என்று கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

வீட்டு மருந்துகளைப் பற்றிச் சொல்லப் புகும்போது நமக்குச் சங்கடம் உண்டாகிறது. நந்தியாவட்டைப் பூவைக் கண்மேல் வைத்து ஒற்றுவது, தாய்ப்பாலைப் பீய்ச்சுவது, விளக்கெண்ணெய், பன்னீர், வெங்காயச் சாறு, பச்சிலைச் சாறு என்று பாட்டிமார்களிடம் ஒரு பெரிய பட்டியல் இருக்கிறது. நம் பழைய வழக்கங்களை எள்ளி நகையாடுவதில் நமக்குச் சம்மதமில்லை. தாய்ப்பாலைவிட உயர்ந்த ஆகாரம் குழந்தைக்கு உலகத்தில் இல்லை. ஆனால் ஆகாரமாக உயர்ந்தது கண்ணுக்கு மருந்தாகிவிடாது. கொதிக்க வைக்காத எதுவும், அரைத்துப் பிழிந்த எதுவும், கிருமியற்றதென்று சொல்ல முடியாது. ஆரோக்கியமான கண் கொஞ்சம் தாங்கும். புண்பட்ட கண் தாங்காது.

நமது கூட்டத்துக்கு ஒவ்வொரு வருஷமும் ஒரு மூதாட்டி வருகிறாள். அவள் பேத்தி நம்மிடம் படித்துப் போய்ப் பல வருஷங்கள் ஆகின்றன. அந்தப் பெண் வகுப்பில் எப்போதும் முகத்தைச் சற்று இடப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கரும்பலகையைப் பார்ப்பாள். இடக்கண்ணின் கருவிழியில் பயறளவு ஒரு வெள்ளைத் தழும்பு. அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் தெரியும், எழுத்துத் தெரியாது. நாலு வயசில் களத்து மேட்டில் விளையாடும்போது நெல் சுணை விழுந்து கண் சிவந்தது. சாதாரணக் கண் வலி என்று எண்ணி ஆறு நாள் பச்சிலைச் சாறு பிழிந்தார்கள். ஏழாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கருவிழியில் காளான் புண் ஆழமாக இறங்கிவிட்டது. பாண்டிய நாட்டு வயற்புறங்களிலிருந்து இந்தக் காளான் புண்ணோடு வருகிறவர்கள் மதுரைக் கண் டாக்டர்களுக்கு நெடுங்காலமாகப் பழக்கமானவர்கள். செடியோ தாளோ உமியோ பட்ட கண்ணில் இது பிடித்துக்கொள்ளும்.

அந்த மூதாட்டி முன் வரிசையில் உட்காருவாள். பேச்செல்லாம் முடிந்த பிறகு எழுந்து, "சாறு பிழிஞ்சு விட்டது இந்தக் கைதான்" என்று வலக்கையை நீட்டிக் காட்டுவாள். வேறொன்றும் சொல்லமாட்டாள். திரும்ப உட்கார்ந்துவிடுவாள். நர்ஸம்மாளும் நாமும் மணிக்கணக்காகப் பேசுவதைவிட அந்தக் கைக்கு மதிப்பு அதிகம் என்று பல தாய்மார்கள் நம்மிடம் சொல்லியிருக்கிறார்கள். அவளை வரவேண்டாம் என்று ஒரு வருஷம் அவள் மகன் தடுத்தானாம். அந்தப் பேத்தியே கையைப் பிடித்து அழைத்து வந்து உட்கார வைத்தாள்.

ஆகவே, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளக் கூடிய கண் நோய் எது, கூடாதது எது என்பதில் தான் உயிர்நாடி இருக்கிறது. கண் சிவந்தும் பீளை தள்ளியும் இருந்தாலும், குழந்தை வழக்கம்போல ஓடி விளையாடி, வெளிச்சத்தைப் பார்த்து, படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறதென்றால் அவ்வளவு பயமில்லை. கண்ணைத் திறக்க முடியாமல் வலிக்கிறது, வெளிச்சம் பட்டால் அலறுகிறது, பீளையைத் துடைத்த பிறகும் பார்வை மங்கலாயிருக்கிறது, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிகிறது, இமை வீங்கி மூடிக்கொண்டு ஜுரமும் அடிக்கிறது, கண்ணில் ஏதோ குத்திற்று அல்லது விழுந்தது என்றால், இவற்றில் ஒன்று போதும், அன்றைக்கே கண் டாக்டர். தட்டம்மை கண்ட குழந்தைக்குக் கண் சிவந்தாலும் அப்படியே. உடம்பில் ஏ வைட்டமின் குறைந்த குழந்தைக்கு அம்மை, கருவிழியையே கரைத்துவிடக் கூடும். இதற்காகவே 1970 முதல் நமது தேசத்தில் சிறு குழந்தைகளுக்கு ஏ வைட்டமின் திரவம் கொடுத்து வருகிறார்கள். முருங்கைக்கீரையையும் பப்பாளியையும் மலிவென்று அலட்சியம் செய்கிற வீடுகளுக்கு இதையும் சொல்லி வைக்கிறோம்.

சுண்ணாம்புக்கு மாத்திரம் தனி விதி. வெற்றிலைப் பெட்டியிலுள்ள சுண்ணாம்புப் பொட்டலத்தையோ டப்பியையோ குழந்தை அழுத்தி, அது கண்ணில் தெறித்துவிட்டால், டாக்டரிடம் ஓடுவதற்கும் முன்னால் ஜலம். குழாயோ செம்போ எது கிட்டுகிறதோ அதைக் கொண்டு, இமையை விரித்துப் பிடித்து, அரைமணி நேரம் விடாமல் ஊற்றிக் கழுவ வேண்டும். சுண்ணாம்புத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவும் போக வேண்டும். ஆறவைத்த ஜலத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. கழுவிய பிறகே ஆஸ்பத்திரி. தாத்தாவின் வெற்றிலைப் பெட்டி உயரத்தில் இருக்கட்டும்.

பிறந்து 28 நாள் ஆகாத சிசுவின் கண் சிவந்து சீழ் வடிந்தால், அதற்கு வீட்டு வைத்தியம் என்ற பேச்சே கிடையாது. பிறக்கும்போது தாயாரிடமிருந்து வந்து சேரும் சில கிருமிகள் இரண்டு மூன்று நாளில் கருவிழியைத் துளைத்துவிட வல்லவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் குருடான குழந்தைகளில் அநேகர் இவ்வாறு கண்ணிழந்தவர்கள். ஜெர்மனியில் லைப்ஸிக் நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் கிரேடே என்ற பேராசிரியர் 1880-ல், பிறந்தவுடன் ஒவ்வொரு குழந்தையின் கண்ணையும் துடைத்து வெள்ளி உப்புத் திரவம் ஒரு சொட்டு விடும் வழக்கத்தை ஆரம்பித்தார். நூற்றுக்குப் பத்துக் குழந்தைகளுக்கு வந்துகொண்டிருந்த நோய் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. ஒரு துடைப்பும் ஒரு சொட்டுந்தான்!

இதற்கு மாறாக, சில கைக்குழந்தைகளுக்குக் கண் சிவக்காமலே எப்போதும் நீர் தளும்பிக்கொண்டும் சிறிது பீளை கட்டிக்கொண்டும் இருக்கும். கண்ணீர் மூக்குக்கு இறங்கும் வழி இன்னும் திறக்கவில்லை என்பதே காரணம். டாக்டரிடம் ஒரு தடவை காட்டி நிச்சயம் செய்துகொண்டு, நகம் வெட்டின சுத்தமான விரலால் மூக்கோரத்து மூலையிலிருந்து கீழ்நோக்கித் தினம் சில வேளை மெல்ல அழுத்தி நீவிவந்தால், பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஒரு வயசுக்குள் சரியாகிவிடும். அந்த மூலை சிவந்து வீங்கினால் மட்டும் நீவுவதை நிறுத்தி உடனே காட்ட வேண்டும்.

வீட்டார் கை இவ்வளவு பெரிய காரியங்களைச் செய்யுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. இமையின் உட்புறத்தில் சொரசொரப்பாகப் பிடித்து, வருஷக்கணக்கில் கண்ணை அரித்துக் குருடாக்கும் டிராகோமா என்ற தொற்று நோய் வட இந்தியக் கிராமங்களைப் பிடித்து ஆட்டிவந்தது. 1963-ல் அதை ஒழிக்கத் தேசிய முயற்சி ஆரம்பமாயிற்று. பொதுஜன சுகாதாரப் பிரச்னை என்ற நிலையிலிருந்து அது இந்தியாவில் நீங்கிவிட்டதென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2024 அக்டோபரில் அறிவித்தது. மருந்தும் சஸ்திர சிகிச்சையும் அதில் பங்கு கொண்டன. அவற்றோடு சரிசமமாக வைத்துச் சொல்லப்பட்டது என்ன தெரியுமா? குழந்தையின் முகத்தைத் தினமும் கழுவுவது.

கடைசியாக, பள்ளிக்கூடத்தைச் சேர்ந்த விஷயம். ஒரு நாளும் தவறாமல் வந்த மாணவனுக்குப் பரிசு கொடுக்கும் வழக்கம் சில பள்ளிக்கூடங்களில் இருக்கிறது. அந்தப் பரிசுக்காகக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, பீளை வடியும் கண்ணோடு வந்து உட்காருகிற பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பரிசை ஏற்படுத்தியவர்கள் யோசிக்க வேண்டும். தாய்மார்கள் கூட்டத்தில் தவறாமல் எழும் கேள்வி, "எத்தனை நாள் லீவு?" என்பதே. நீர் வடிவதும் பீளை கட்டுவதும் நின்றால் அனுப்பலாம். அதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். லேசான சிவப்பு மிச்சமிருந்தால் பாதகமில்லை. அதுவரையில் தனித் துவாலை, தனித் தலையணை. உறையைத் தினம் மாற்றி வெந்நீரில் அலசி வெயிலில் போட வேண்டும். மை தீட்டக் கூடாது. நோயின்போது தீட்டிய மைச்சிமிழை மறுபடி உபயோகிக்கவும் கூடாது. நீச்சல் குளத்துக்குக் கட்டாயம் போகக் கூடாது.

விட்டுப்போன பாடங்களுக்காக யாரும் கவலைப்பட வேண்டாம். அவற்றை நோட்டில் எழுதி அனுப்புகிறோம். படிக்க முடியாத நாட்களில் யாராவது பக்கத்திலிருந்து வாசித்துக் காட்டினால் போதும். நோட்டைத் திருப்பி அனுப்பும்போது மட்டும் ஒரு நாள் வெயிலில் விரித்து வைத்து அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம்.